மாலைமாற்று தேடும் நிரலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடகு, காவிரி பிறக்கும் மலைநாடு. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் குடகுதான். இப்படி வரும் சொல்லோ பாட்டோதான் மாலைமாற்று. ஆனால் பைத்தான் நிரல்மொழியில் அந்தச் சொல்லை அப்படியே திருப்பி ஒப்பிட்டால் ‘இல்லை’ என்று விடை வரும். கும்பகோணத்தில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

நமக்கு அது மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறைக்கோ ஐந்து குறி: க, உகரக் குறி, ட, க, உகரக் குறி. திருப்பினால் உகரக் குறி முன்னால் வந்து நின்றுவிடும். உரைக்குள் தேட எழுதும் பேட்டர்னான ரெகுலர் எக்ஸ்பிரஷனில், ஏதாவது ஒன்றைப் பிடிக்கும் ‘டாட்’ (புள்ளி) போட்டாலும் இதே கதிதான். அது ஒரு குறியைத்தான் பிடிக்கும். முழு எழுத்தைப் பிடிக்கப் பின்சாய்கோட்டோடு பெரிய எக்ஸ் வேண்டும். பெர்ல் என்ற நிரல்மொழியில் அது உண்டு. பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுப்பான ‘ரீ’யில் இல்லை. ‘ரெஜெக்ஸ்’ தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

இதைவிடப் பொல்லாத தவறு ஒன்று உண்டு. சீர்காழியைப் பாடிய சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தில் முதல் பாட்டு ‘யாமாமாநீ யாமாமா’ என்று தொடங்கும். மொத்தம் 28 எழுத்து. எழுத்துகள் அப்படியே திரும்பி வரும், சீர்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் வராது: முன்னிருந்து 4, 3, பின்னிருந்து 3, 4. சரி, இடைவெளியை நீக்கலாம் என்று பழக்கத்தில் பின்சாய்கோட்டோடு பெரிய டபிள்யூ போடுவார்கள். எழுத்து, எண், அடிக்கோடு அல்லாத எல்லாவற்றையும் பிடிப்பது அது. ‘ரீ’ தொகுப்பு நம் துணைக்குறிகளை எழுத்தாக எண்ணாது. கால், கொம்பு, சுழி, மெய்யின் தலைப்புள்ளி எல்லாம் இடைவெளியோடு சேர்ந்து போய்விடும், அந்தத் தொடக்கத்தில் மிஞ்சுவது ‘யமமநயமம’. முழுப் பாட்டு என்னவோ தேறிவிடும், அதனால் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. அப்புறம் ‘மாமி’யைக் கொடுத்துப் பாருங்கள். ‘மம’ ஆகி அதுவும் தேறும்! இடைவெளிக்கென்றே பின்சாய்கோட்டோடு சின்ன எஸ் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

‘கொ’வின் கொம்பும் காலும் சில கோப்புகளில் ஒரே குறியாக இருக்கும், சிலவற்றில் இரண்டாக இருக்கும். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரே பேட்டர்னில் முடிக்க ஆசைப்படுபவர்கள், தன்னைத்தானே அழைக்கும் பேட்டர்னைப் பெர்ல் 5.10 முதல் எழுதலாம். அதையே, பெர்ல் பாணி பேட்டர்ன்களை மற்ற நிரல்களில் ஓட்ட உதவும் பிசிஆர்இ2 தொகுப்பின் 10.30க்கு முந்தைய பதிப்புகளில் ஓட்டினால், அழைத்த பகுதிக்குள் திரும்பிப் போய் வேறு வழி தேடாது. நல்ல மாலைமாற்றையே தள்ளிவிடக்கூடும். நான் முன்பு சொன்ன பின்சாய்கோட்டு எக்ஸைக் கொண்டு எழுத்து எழுத்தாக வெட்டி, அந்தப் பட்டியலைத் திருப்பி ஒப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சோதனைக்குக் குடகு, மாமி, சம்பந்தரின் அந்த முதல் பாட்டு மூன்றையும் வையுங்கள். வர வேண்டிய விடை: ஆம், இல்லை, ஆம்.