தரைத்தள வீட்டை இடித்து மாடியாகக் கட்டலாமா? வடசென்னையில் முடிவெடுக்கும் முன்

அப்பா வியாசர்பாடியில் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம். சுரண்டாமலே தார் மேல் தார் போட்டுப் போட்டு, இப்போது ஒரு படி இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. 2015லும் தண்ணீர் வந்தது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முழங்கால் அளவுக்கு நின்றது. அதற்கப்புறம்தான் வீட்டில் எல்லாரும் இடித்துக் கட்டலாம் என்று பேச ஆரம்பித்தோம். கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை என்று இந்தப் பக்கம் நிறைய வீட்டில் இதே பேச்சுதான் ஓடுகிறது. நாங்கள் முடிவெடுக்க எட்டு மாதம் ஆனது. அதில் பாதி, எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் வீணானது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் முதலில் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுங்கள். மனை யார் பேரில் இருக்கிறது, பட்டா யார் பேரில் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இந்து குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் பேரில் இருந்த சொத்தில் அம்மாவுக்கும் அக்கா தங்கைகளுக்கும் உங்களுக்கு இருக்கிற அதே பங்கு உண்டு. "அவங்க கேக்க மாட்டாங்க" என்று நம்பி இடிக்காதீர்கள். விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால் விடுதலைப் பத்திரம், பிரித்துக்கொள்கிறீர்கள் என்றால் பாகப்பிரிவினை, எதுவானாலும் பதிவு செய்துவிட்டு அப்புறம் கடப்பாரையைத் தொடுங்கள். பாதி கட்டிய வீட்டுக்கு மேல் வழக்கு வந்தால் கம்பி துருப்பிடித்துக்கொண்டே நிற்கும், நீங்கள் வெளியே வாடகையும் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எங்கள் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. நிறைய மனைகள் குடிசை மாற்று வாரியம் கொடுத்தவை, 2021லிருந்து அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர். கையில் ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருக்கிறதா, தவணை முடித்து விற்பனைப் பத்திரம் வாங்கியாச்சா என்று பாருங்கள். பத்திரம் இல்லாமல் வங்கிக் கடனும் பிளான் அனுமதியும் எதிர்பார்க்க முடியாது. கோயில் இடத்தில் குத்தகைக்கு இருப்பவர்களும் இங்கேயே நின்று யோசிக்க வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலை ஒட்டிய இடம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்றும், மெட்ரோ ரயில் சுரங்கத்துக்குப் பக்கத்தில் என்றால் மெட்ரோ ரயில் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டுமா என்றும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

காகிதம் சரி என்றால் அடுத்து அஸ்திவாரம். "இடிக்கவே வேணாம், இருக்கிறதுக்கு மேலேயே ஒரு மாடி போட்டுடலாம், தாங்கும்" என்று சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்கிற மேஸ்திரி எல்லாத் தெருவிலும் இருக்கிறார். எங்களுக்கும் ஒருத்தர் சொன்னார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பின்பக்கச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஒரு குழி வெட்டச் சொன்னேன். இரண்டரை அடியில் செங்கல் கட்டு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கறுப்புக் களிமண். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. கடைசி வரிசைச் செங்கலை நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. அதன் மேலேதான் இன்னொரு மாடியைத் தூக்கி வைக்க இருந்தோம்! அந்தக் குழிக்கு ஒரு ஆள் கூலிதான் செலவு, வெட்டாமல் மாடி போடுகிற யோசனைக்கே போகாதீர்கள்.

மேலே கூரையையும் பாருங்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் நிற்கின்றன. தேக்குக் கட்டை மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய கூரை, வெயிலுக்கு அருமையாக இருக்கும், ஆனால் அதன் மேல் இன்னொரு வீட்டை வைக்கவே கூடாது. கான்கிரீட் கூரை என்றால், அடியில் எங்கேயாவது பூச்சு உப்பி விழுந்த இடத்தில் கம்பியைப் பாருங்கள். துரு ஏறினால் கம்பி பருத்து கான்கிரீட்டைப் பிளந்துவிடும், கடல் காற்றும் உப்புத் தண்ணீரும் இருக்கிற ஊரில் இது சீக்கிரம் நடக்கும். நாலைந்து இடத்தில் அப்படி இருந்தால், திரும்பத் திரும்பப் பூசுகிற செலவை நிறுத்திவிட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் காசு கொடுத்துக் கூட்டி வாருங்கள். கட்டுகிற வேலையை அவருக்கே கொடுப்பதாகச் சொல்லாதீர்கள், அப்போதுதான் அவர் பேச்சில் சாய்வு இருக்காது.

வீடு பள்ளத்தில் போனது மட்டும்தான் உங்கள் பிரச்சினை, சுவரும் கூரையும் நன்றாக இருக்கின்றன, இருக்கிற இடம் போதும் என்றால் ஜாக்கி வைத்து வீட்டை மூன்று நாலு அடி தூக்கலாம். சென்னையில் பல தெருக்களில் செய்திருக்கிறார்கள். ஆனால் தூக்கியதால் அஸ்திவாரத்துக்குப் புது பலம் வந்துவிடாது, பின்னால் மாடி போடும் எண்ணம் இருந்தால் அந்தப் பணம் இரட்டைச் செலவு.

சரி, இடிப்பது என்று ஆகிவிட்டது. எத்தனை மாடி? இங்கேதான் ஆசை அதிகமாகும். எங்கள் மனை 20க்கு 40, அதாவது 800 சதுர அடி. 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி சாதாரண உயரக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அப்படியென்றால் எல்லாத் தளமும் சேர்த்து 1,600 சதுர அடி. சுற்றி விட வேண்டிய இடத்தை விட்டால் ஒரு தளத்துக்கு 600 சதுர அடி வரும், இரண்டு தளத்துக்கு 1,200. மூன்றாவது தளத்துக்கு மிச்சம் 400தான். உயரம் கூடினால் விட வேண்டிய இடமும் கூடலாம், அப்போது கீழேயும் சுருங்கும். இதில் மாடிப்படி வேறு ஒவ்வொரு தளத்திலும் 80 சதுர அடிக்கு மேல் தின்னும். 400ல் அது போனால் ஒரு அறையும் சின்ன சமையல்கட்டும்தான்.

தரைத்தளமும் முதல் மாடியும் போதும் என்றால் வேலை எவ்வளவோ சுலபம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று திட்டத்தில், 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி எடுக்கலாம். திட்டம் வந்தபோது இரண்டாவது மாடிக்கு அந்த வழி கிடையாது, இப்போது எப்படி என்று விசாரியுங்கள், இல்லையென்றால் வழக்கமான அனுமதிக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் படியை எண்ணுங்கள். பத்தடி உயரத்துக்கு ஏழு அங்குலப் படி என்றால் 17 படி. இரண்டாவது மாடிக்கு 34, மொட்டை மாடிக்கு 51. மெட்ரோ வாட்டர் குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறப்போவது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். எங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி, சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பெரியம்மாவோடு பேசாவிட்டால் அவருக்குப் பொழுதே போகாது. தரைத்தளத்தை வாடகைக்கு விட்டால் நல்ல தொகை வரும் என்று தம்பி சொன்னான், உண்மைதான். ஆனால் அம்மாவை மேலே ஏற்றினால் அவர் இறங்கவே மாட்டார். அதனால் கீழ்த்தளம் அம்மாவுக்கு, மேலே தம்பி குடும்பம் என்று முடிவு செய்தோம். வாடகையை நம்பி மூன்றாவது தளம் போட நினைப்பவர்கள், அந்த வாடகை கடன் தவணையில் எவ்வளவைத் தாங்கும் என்று எழுதிப் பாருங்கள். வீடு காலியாகக் கிடக்கிற மாதங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது காண்ட்ராக்டரைக் கூப்பிடலாம். சதுர அடி ரேட்டுக்கு வெளியே என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள்: இடிக்கிற கூலி, மண் பரிசோதனை, களிமண் என்றால் ஆழத்தில் கான்கிரீட் தூண் இறக்குகிற, அதாவது பைல் போடுகிற செலவு, தெருவுக்கு மேலே மூன்றடி உயர்த்துகிற பேஸ்மெண்ட், சம்ப், மழைநீர் சேகரிப்பு, சந்துக்குள் லாரி வராததால் மணலையும் ஜல்லியையும் தலைச்சுமையாகத் தூக்குகிற கூலி. கட்டி முடியும்வரை நீங்கள் இருக்கப்போகிற வாடகை வீட்டுக்கு அட்வான்ஸையும் தனியாக எடுத்து வையுங்கள், நம் ஊரில் பத்து மாத வாடகை கேட்பவர்கள் நிறைய பேர்.

இடிக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள். நம் பக்கம் நிறைய சுவர்கள் பொதுச்சுவர், அல்லது ஒரு விரல் இடைவெளியில் நிற்பவை. அவர் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இருக்கிற விரிசலை எல்லாம் அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் எடுத்து, அவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். நாங்கள் எடுத்தது 23 படம். பின்னால் ஒரு விரிசலைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவரே போனைத் திறந்து பார்த்துவிட்டு, "இது பழசுதான்பா, நீ வேலையைப் பாரு" என்றார்.