உயிரி எரிபொருள், எரிதல் ஆய்வுக்கு வரும் வேதிப்பொறியாளருக்கு

வேதிப்பொறியியல் படித்து உயிரி எரிபொருள் ஆய்வுக்கு வருபவர்களில் பலர் எண்ணெயை எஸ்டராக மாற்றும் வினையோடு நின்றுவிடுகிறார்கள். எஞ்சின் ஆய்வகத்திலிருந்து வருபவர்களோ கேனில் வரும் எரிபொருளை ஊற்றிப் புகையை அளப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூலக்கூறின் அமைப்பு சுடரின் போக்கை எப்படித் தீர்மானிக்கிறது என்ற கேள்வி இவ்விரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. அதையே உங்கள் ஆய்வின் மையமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எரிபொருளை நீங்களே தயாரிக்க வேண்டும்: எண்ணெயைக் கார வினையூக்கியின் துணையோடு மெத்தனாலுடன் வினைபுரியவைத்து மெத்தில் எஸ்டராக்க வேண்டும். எண்ணெயின் அமில எண்ணை, அதாவது அதில் எவ்வளவு தனிக் கொழுப்பு அமிலம் இருக்கிறது என்பதை, அளக்காமல் காரத்தைச் சேர்க்கக் கூடாது. தனிக் கொழுப்பு அமிலம் சுமார் 1 சதவீதத்தைத் தாண்டினால் சோப்பு உருவாகி அடுக்குகள் பிரியாமல் கலங்கி நிற்கும் என்பதால், அத்தகைய எண்ணெயைக் கந்தக அமிலமும் மெத்தனாலும் கொண்டு முன்கூட்டியே எஸ்டராக்கிவிட வேண்டும். வினைக்குக் கணக்குப்படி ஒரு மோல் எண்ணெய்க்கு 3 மோல் மெத்தனால் போதும் என்றாலும், வினை மீளக்கூடியது என்பதால் 6 மோல் சேர்ப்பதே வழக்கம். மெத்தனால் 65 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிப்பதால் வெப்பநிலையை 60-ஐ ஒட்டியே வைத்து, குடுவையின் மேல் ஆவி ஒடுக்கியைப் பொருத்துங்கள். பிரிபுனலில் கருத்த கிளிசரால் அடியிலும் எஸ்டர் மேலேயும் தங்கும். எஸ்டரை நீரால் கழுவும்போது வேகமாகக் குலுக்கினால் இரண்டும் பிரியாமல் கலந்து பால்மம் உண்டாகிவிடும்.

கழுவி உலர்த்திய பிறகும் எஞ்சியிருக்கும் மெத்தனால்தான் அடுத்த கட்டத்தைக் கெடுக்கும். சிறிதளவு மெத்தனாலே தீப்பற்றும் வெப்பநிலையை (எரிபொருளின் ஆவி பொறிபட்டுத் தீப்பற்றும் மிகக் குறைந்த வெப்பநிலையை) வெகுவாக இறக்கிவிடும். ஐரோப்பியத் தரமான இஎன் 14214 அந்த வெப்பநிலை குறைந்தது 101 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்றும், மெத்தனால் 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கிறது. எரிபொருளின் கூறுகளைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகையின் முடிவு கைக்கு வரும் முன் எந்த எரிதல் சோதனையும் செய்யாதீர்கள். தூய்மை தெரியாத எரிபொருளின் சுடரைப் பற்றி எழுதப்படும் கட்டுரை யாருக்கும் பயன்படாது.

எரிவெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டரை பென்சாயிக் அமிலம் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள். மெத்தில் எஸ்டரில் எடைப்படி சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால் அதன் எரிவெப்பம் டீசலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. ஆகவே ஒரே திறனுக்கு அதிக எரிபொருள் செலவாவது இயல்பே. அதைப் பெரிய கண்டுபிடிப்பாக எழுத வேண்டியதில்லை.

ஆய்வுத் தலைப்புக்கு வளமான இடம் இரட்டைப் பிணைப்பு. இரட்டைப் பிணைப்பு இல்லாத நிறைவுற்ற சங்கிலிகளுக்குச் சீட்டேன் எண் (எஞ்சினில் எவ்வளவு விரைவில் தானே தீப்பற்றும் என்பதன் அளவு) அதிகம், ஆனால் குளிரில் உறைந்துவிடும். நிறைவுறாதவை குளிரிலும் ஓடும், ஆனால் காற்றுப்பட்டுக் கெடும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கூட்டும் போக்குடையவை. இதைக் கணிக்க, எரிதலில் நடக்கும் வினைகளின் வேகங்களைக் கணக்கிடும் வினைவேக மாதிரி தேவைப்படும். மெத்தில் பியூட்டனோயேட் என்ற எளிய எஸ்டரில் தொடங்கலாம். அதன் சங்கிலி மிகக் குட்டையானது என்பதால், நீண்ட சங்கிலிகள் தாழ்வெப்பநிலையில் தீப்பற்றும் விதத்தை அது காட்டாது. எனவே அதைவிட நீண்ட சங்கிலி கொண்ட மெத்தில் டெக்கனோயேட் வரை போக வேண்டும். கட்டற்ற மென்பொருளான கேன்டெரா இக்கணிப்புகளுக்குப் போதும். அதிர்ச்சி அலையால் வாயுவைச் சட்டெனச் சூடாக்கும் அதிர்ச்சிக் குழாயில் அளந்த தீப்பற்றும் தாமதத்தோடு கணிப்பு ஒத்துவராதபோது வினைவேக மாறிலிகளை இஷ்டத்துக்குத் திருத்தாமல், எந்த வினை அந்தத் தாமதத்தை ஆள்கிறது என்று உணர்திறன் பகுப்பாய்வில் தேடுங்கள்.

முனைவர் பட்டத்துக்குப் பின் விமான எரிபொருள் பக்கம் திரும்புவது நல்லது. மாற்று விமான எரிபொருளுக்கான ஏஎஸ்டிஎம் டி7566 தரத்தின்படி, எண்ணெய்களையும் கொழுப்புகளையும் ஹைட்ரஜனேற்றிப் பெறும் எரிபொருளை வழக்கமான விமான எரிபொருளுடன் 50 சதவீதம் வரை கலக்கலாம். இந்த வழிக்கு 2011-இல் ஒப்புதல் கிடைத்தது. அந்த எரிபொருளில் நறுமணச் சேர்மங்கள் (பென்சீன் வளையம் கொண்டவை) ஏறக்குறைய இல்லை, அதனால் புகைக்கரி குறைகிறது. ஆனால் எரிபொருள் அமைப்பின் பழைய ரப்பர் அடைப்பான்கள் கசியாமல் உப்பி நிற்க அதே சேர்மங்கள்தான் தேவை. கரியைப் பெருக்காமல் அடைப்பானை உப்பவைக்கும் மூலக்கூறைத் தேடுவதற்கு, தயாரிப்பும் சுடரும் ஒருசேரத் தெரிந்த வேதிப்பொறியாளரே ஏற்றவர்.