அமெரிக்க மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர் வேலை: நேர்காணலுக்குத் தயாராவது எப்படி

புதுச்சேரியிலும் கடலூரிலும் ‘யுஎஸ் ஹெல்த்கேர் ரெக்ரூட்டர்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிப்பவர்களில் பலர் இதை இன்னொரு கால் சென்டர் வேலையாகவே எண்ணி, ஆங்கிலப் பேச்சை மட்டும் தீட்டிக்கொண்டு நேர்காணலுக்குச் செல்கிறார்கள். பேச்சு தேவைதான். ஆனால் ஒரு செவிலியரின் ரெஸ்யூமைப் படித்து, அவர் குறிப்பிட்ட பணியிடத்துக்குப் பொருந்துவாரா, பொருந்தாவிட்டால் எந்த இடத்தில் இடிக்கிறது என்று சொல்லத் தெரிகிறதா என்பதையே மேசைக்கு எதிரே இருப்பவர் முதலில் பார்ப்பார்.

ஆகவே தொழிலின் அடிப்படையைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். அமெரிக்க மருத்துவமனைகள் தற்காலிகமாக அமர்த்தும் டிராவல் நர்ஸ்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம்; வாரத்துக்கு மூன்று 12 மணி நேர ஷிப்ட், அதாவது 36 மணி நேரம் என்பது வழக்கமான அமைப்பு. காலியிடங்கள் பெரும்பாலும் விஎம்எஸ் எனப்படும் மென்பொருள் வழியாகவே, ரெக்ரூட்டர்கள் வேலை செய்யும் ஆள் சேர்ப்பு ஏஜென்சிகளுக்கு வருகின்றன. ஒரே இடத்துக்குப் பல ஏஜென்சிகள் போட்டியிடுவதால், ரெஸ்யூம், லைசென்ஸ், சான்றிதழ்கள், திறன் பட்டியல் ஆகியவற்றைக் குறையின்றித் திரட்டி விரைவாக அனுப்புபவருக்கே வாய்ப்பு அதிகம்.

அதிகம் கேள்வி எழும் இடம் லைசென்ஸ்தான். அங்கே செவிலியர் உரிமம் மாநிலம் மாநிலமாக வழங்கப்படுகிறது. செவிலியர் நிரந்தரமாக வசிக்கும் மாநிலம், உரிமத்தைப் பரஸ்பரம் ஏற்கும் மாநிலங்களின் ‘காம்பேக்ட்’ உடன்பாட்டில் இருந்தால், பன்மாநில உரிமம் பெற்று, அதில் சேர்ந்துள்ள மற்ற மாநிலங்களிலும் பணிபுரியலாம். டெக்சாஸ் அதில் உண்டு, கலிஃபோர்னியா இல்லை. இப்போது இப்படி ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: டெக்சாஸ்வாசியான ஐசியூ செவிலியர், காம்பேக்ட் லைசென்ஸ் வைத்திருக்கிறார், பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழ் அடுத்த மாதம் காலாவதியாகிறது, கலிஃபோர்னியாவில் இரண்டு வாரத்தில் சேர வேண்டிய பணியிடத்துக்கு அனுப்பலாமா? ‘ஐசியூ அனுபவம் இருக்கிறதே, அனுப்பலாம்’ என்பது தவறான விடை. கலிஃபோர்னியாவுக்குத் தனி உரிமம் உள்ளதா என்று முதலில் கேட்க வேண்டும்; இல்லையென்றால் காம்பேக்ட் மாநிலங்களில் உள்ள ஐசியூ இடங்களைச் சொல்ல வேண்டும்; எப்படியிருந்தாலும் பிஎல்எஸ்ஸை உடனே புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். லைசென்ஸை ‘நர்சிஸ்’ (Nursys) இணையதளத்தில் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், நீங்கள் தயாராகி வந்திருப்பது தெரிந்துவிடும்.

அடுத்து, மாதிரித் தொலைபேசி உரையாடல். நேர்காணல் செய்பவரே செவிலியராக நடிப்பார்; ‘இப்போதுதான் நைட் டியூட்டி முடிந்தது, சீக்கிரம் சொல்லுங்கள்’ என்று எரிந்தும் விழுவார். அப்போது நிறுவனப் பெருமையை ஒப்பிக்கத் தொடங்கினால் காரியம் கெட்டது. எந்தப் பிரிவு, ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தார், எப்போது சேர முடியும், எந்த மாநிலம் விருப்பம், பகலா இரவா, வாரத்துக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்பவற்றைச் சுருக்கமாகக் கேட்டு, மீண்டும் அழைக்க அவருக்கு வசதியான நேரத்தை வாங்கிக்கொண்டு முடிப்பதே நல்லது.

சம்பளக் கணக்கை வீட்டிலேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, வரிக்குரிய ஊதியம் மணிக்கு 25 டாலர் என்றால் 36 மணி நேரத்துக்கு 900 டாலர். தங்குமிடம், உணவுக்கான படி 1,100 டாலர் என்றால் வாரத்துக்கு மொத்தம் 2,000 டாலர். இந்தப் படிக்கு வரிவிலக்கு எல்லோருக்கும் கிடைப்பதில்லை; சொந்த ஊரில் வீட்டுச் செலவைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்டே வெளியூரில் தங்குபவருக்கே அது பொருந்தும். மொத்தத் தொகையை மட்டும் சொல்லி ஆசை காட்டும் ரெக்ரூட்டரைச் செவிலியர்கள் எளிதில் நம்புவதில்லை.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்குக் கடின உழைப்பாளி என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு நேர்காணல் செய்பவர்களுக்குக் காது புளித்திருக்கும். பி.எஸ்சி. நர்சிங் படித்து, கோரிமேடு ஜிப்மரிலோ காலாப்பட்டு பிம்ஸிலோ வார்டில் நின்றவர் என்றால் அதையே முன்வையுங்கள். டெலிமெட்ரிக்கும் (இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் பிரிவு) ஐசியூவுக்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விற்பனையிலிருந்து வருபவர், டார்கெட்டை எட்டிய ஒரு மாதத்தையும் எட்டாத ஒரு மாதத்தையும் காரணத்தோடு சொல்லத் தயாராக இருக்கட்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. எந்த அமெரிக்க நேர மண்டலத்துக்கு வேலை என்பதை முதலில் கேளுங்கள். கிழக்குக் கரையின் காலை 9 மணி என்பது அவர்களின் கோடைக்கால நேரத்தில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30, கலிஃபோர்னியாவுக்கு என்றால் இன்னும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்துபோக எண்ணுபவர்கள், குறிப்பாகப் பெண்கள், விடியற்காலையில் வீடு திரும்ப நிறுவன வண்டி உண்டா, அது ஊர் எல்லையைத் தாண்டி வருமா என்று தெளிவாகக் கேட்டுவிடுவது நல்லது. இன்சென்டிவ், செவிலியர் பணியில் சேர்ந்தவுடன் கிடைக்குமா, சில வாரம் வேலை பார்த்த பிறகுதானா, இடையில் அவர் விலகினால் பிடித்தம் செய்வார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னாலோ, பயிற்சிக்கென்று முன்பணம் கேட்டாலோ, அந்த வேலையை விட்டுவிடலாம்.