எண்பதுகளின் மறந்துபோன சிந்த் இசை: கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்துச் செய்த எண்பதுகளின் சிந்த் பாப் என்றால் டெபேஷ் மோட், ஹ்யூமன் லீக், கேரி நியூமன் என்று விரல்விட்டு எண்ணி நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். அவர்களுடைய பாட்டுகள் வானொலியில் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஐரோப்பாவின் சின்னச் சின்ன நகரங்களில் ஒரு சிந்தசைசரையும், தாளத்தைத் தானே வாசிக்கும் ஒரு டிரம் மெஷினையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாட்டுப் பதிந்தவர்கள் ஏராளம். சில நூறு பிரதிகள் போட்டார்கள், தபாலில் கேட்டவர்களுக்கு அனுப்பினார்கள், அப்புறம் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2005இல் நியூயார்க்கில் வெரோனிகா வாசிக்கா தொடங்கிய மினிமல் வேவ், 2009இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய டார்க் என்ட்ரீஸ் போன்ற லேபிள்கள், அதாவது இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனங்கள், தேடி எடுத்து மறுபடி வெளியிட்டதால்தான் இவற்றில் பல இன்று நம் கைக்கு வந்திருக்கின்றன. இவ்வளவு பாடுபட்டு மீட்டதை ஒரு முறை ஓடவிட்டு, ‘சுமார்தான்’ என்று ஒதுக்கிவிடுகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, பெரிய ஸ்டுடியோவில் உருவான பாட்டை அளவுகோலாக வைத்து இவற்றை அளப்பது. ஹ்யூமன் லீகின் 1981 ஆல்பமான ‘டேர்’ முழுக்கக் கேட்கும் தாளம் லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷினுடையது. அதன் விலை அப்போது கிட்டத்தட்ட 5,000 டாலர். வீட்டில் பதிந்தவர்களுக்குக் கட்டுப்படியானது பாஸ் நிறுவனத்தின் டாக்டர் ரிதம் மாதிரியான கையடக்கப் பெட்டி. அதில் மொத்தமே நான்கு ஒலிகள். பதிவுக்கு, 1979இல் வந்த டாஸ்கம் போர்ட்டாஸ்டுடியோ சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிய வழிசெய்தது. தாளத்துக்கு ஒன்று, பேஸ் எனும் அடிச்சுர வரிசைக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, அவ்வளவுதான், தீர்ந்தது. இந்தப் பாட்டுகள் வெறிச்சென்று கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு தடமும் தன் காலில் நின்றாக வேண்டும். அதனால்தான் இவற்றில் நல்லவற்றைக் கேட்டால் பேஸே பாதி மெட்டைச் சுமந்துகொண்டு போகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக டேனியல் மில்லர் 1978இல் ‘தி நார்மல்’ என்ற பெயரில் வெளியிட்ட ‘வார்ம் லெதரெட்’டைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்க வேண்டும். லண்டனில் வீட்டிலேயே, கோர்க் 700எஸ் சிந்தசைசரையும் நான்கு தட டேப் ரெக்கார்டரையும் வைத்துப் பதிந்தது. அந்த சிந்தசைசரில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்க முடியும். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு போடவே வழியில்லை. ஆகவே பாட்டில் இருப்பது வெடுக்கென்று அறுபடும் ஓர் இரைச்சல், அடியில் நகராமல் நிற்கும் ரீங்காரம், செய்தி வாசிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாத குரல். பாட்டு கார் விபத்தைப் பற்றியது. இதே பாட்டை 1980இல் கிரேஸ் ஜோன்ஸ் முழு இசைக்குழுவோடு பாடினார். அந்த ஆல்பத்துக்கே அதுதான் பெயர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஜோன்ஸின் பாட்டு இடுப்பை அசைக்க வைக்கும். மில்லரின் பாட்டு பயமுறுத்தும், அந்த வறட்சிதான் பயமுறுத்தும். அந்த இசைத்தட்டின் உறையில் மில்லர் தன் வீட்டு முகவரியை அச்சிட்டிருந்தார். முறையான லேபிள் என்று நினைத்துப் பலர் தங்கள் டேப்புகளை அனுப்ப, அவர் வைத்திருந்த மியூட் என்ற பெயர் உண்மையிலேயே ஒரு லேபிளாக வளர்ந்தது. பின்னால் டெபேஷ் மோட் வந்து சேர்ந்ததும் அங்கேதான். ஆகவே இந்தச் சின்னக் கேசட்டுக்காரர்கள் எல்லோரும் பெரியவர்களைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் என்று சொல்வது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பது.

அடுத்தது, இங்கிலாந்துப் பாட்டோடு நின்றுவிடுவது. பிரான்சில் நான்சி நகரத்துக் காஸ் ப்ராடக்ட் இரண்டே பேர்: அமெரிக்காவிலிருந்து வந்த பாடகி மோனா சோயோக், மனநல மருத்துவமனையில் வேலை பார்த்த ஸ்பாட்ஸ். 1982இல் வந்த அவர்களுடைய ‘ட்ரை அவுட்’ ஆல்பத்தைக் கேட்டால், மெஷின் இசையில் உயிர் இருக்காது என்ற எண்ணம் அங்கேயே போய்விடும். சோயோக் கிசுகிசுக்கிறார், கீச்சிடுகிறார், திடீரென்று ஜாஸ் பாடகிபோல இழுக்கிறார். அதற்கெல்லாம் அசைந்துகொடுக்காமல் மெஷின் தன் போக்கில் ஓடுகிறது. பெல்ஜியத்தில் டிர்க் ஐவன்ஸின் அப்சல்யூட் பாடி கன்ட்ரோல், அன்றைய யூகோஸ்லாவியாவின் லியுப்லியானாவில் போர்கேசியா, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் கிராவ்ட்சோன் என்று பட்டியல் நீள்கிறது. கிராவ்ட்சோனின் ‘ஐஸ்பேர்’ ஜெர்மன் மொழியில், அழுகையே இல்லாத பனிக்கரடியாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கும் பாட்டு. 1981இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரிய வெற்றி. மொழி புரியாவிட்டாலும் அதில் காற்று சீறுவது புரியும். முதல் நான்கு வார்த்தை புரியவில்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

இந்த இசையின் இருண்ட பக்கத்துக்கு வைத்த டார்க்வேவ் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் கறுப்புச் சட்டை, கல்லறை, சோகம் என்று முடிவுகட்டுவதும் தவறு. அந்த ஆண்டுகளில் ஐரோப்பியர்களுக்கு இருந்த பயம் மிக நேரடியானது. அமெரிக்காவின் பெர்ஷிங் 2 அணு ஏவுகணைகள் 1983 கடைசியில் மேற்கு ஜெர்மனிக்கு வந்து இறங்கின. எதிர்த்து லட்சக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். லண்டனில் ஆண்டி ஓப்பன்ஹைமரும் மார்ட்டின் லாயிடும் சேர்ந்து ‘ஓப்பன்ஹைமர் அனாலிசிஸ்’ என்று பெயர் வைத்து, 1982இல் ‘நியூ மெக்சிகோ’ என்ற கேசட் போட்டார்கள். முதல் அணுகுண்டு வெடித்துப் பார்த்த மாநிலத்தின் பெயர் அது. ஆண்டி ஓப்பன்ஹைமர் பிற்பாடு அணு ஆயுதங்களைப் பற்றி எழுதும் நிபுணராகவே ஆனார். ஆகவே அந்தக் குளிர்ச்சியை வெறும் ஃபேஷனாக நினைத்துவிட வேண்டாம். இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் சாலிட் ஸ்பேஸ் 1982இல் கேசட்டாக விட்ட ‘ஸ்பேஸ் மியூசியம்’ இருக்கிறது. ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் விண்வெளியைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பாடுகிறார்கள். எனக்கு இந்த வகையிலேயே மிகவும் பிடித்த தொகுப்பு அதுதான். சோகம் உண்டு, ஆனால் அது ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் பையனின் சோகம்.

யூடியூபில் எழுதியிருக்கும் ஆண்டை அப்படியே நம்புவது இன்னொரு கோளாறு. 2010க்குப் பிறகு பதிந்த பாட்டுக்குப் பழைய வீடியோ கேசட் தேய்மானத்தைப் பூசி 1982 என்று போட்டிருப்பார்கள். செயற்கை நுண்ணறிவில் செய்தவையும் இப்போது கலந்துவிட்டன. பெயரும் மாறியிருக்கும், வேகமும் கூடியோ குறைந்தோ இருக்கும். காதை வைத்தே ஓரளவு பிடிக்கலாம். யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் 1983இல்தான் வந்தது. அதன் கண்ணாடி மணி போன்ற எலெக்ட்ரிக் பியானோ ஒலி ஒரு பாட்டில் இருந்தால் அது 1981ஆக இருக்க வழியில்லை. ஆனால் காது ஒரு எல்லை வரைதான் உதவும். 1984 வாக்கில் வட ஜெர்மன் வானொலியான என்டிஆரிலிருந்து ஓர் இளைஞர் கேசட்டில் பதிந்த பாட்டு, 2007இல் இணையத்துக்கு வந்தது. யார் பாடியது என்று யாருக்கும் தெரியவில்லை. உச்சரிப்பை வைத்தும் ஒலியை வைத்தும் வெவ்வேறு நாடுகளைச் சொல்லி ஊகித்தார்கள். கடைசியில் 2024 நவம்பரில், பழைய செய்தித்தாள்களில் அந்தக் காலத்து உள்ளூர்க் குழுக்களைத் தேடிப்போன ஒருவரால்தான் விடை கிடைத்தது: கீல் நகரத்தின் ஃபெக்ஸ் குழு, பாட்டின் பெயர் ‘சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்’. வானொலி நிலையம் இருந்த வட ஜெர்மனியிலேயேதான் அந்தக் குழுவும் இருந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் உறை, லேபிள் எண், அந்தக் காலத்து அச்சு ஆகியவற்றைப் பாருங்கள்.

கிடைக்காததெல்லாம் பொக்கிஷம் என்று நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். நெதர்லாந்தின் நைமேகன் நகரத்திலிருந்து ஸைமாக்ஸ் 1983இல் 500 பிரதிகள் மட்டும் போட்ட ‘சப்சீக்வென்ட் ப்ளெஷர்ஸ்’ உண்மையிலேயே நல்ல இசைத்தட்டு. க்ளான் ஆஃப் ஸைமாக்ஸ் என்று அவர்கள் பின்னால் பெயர் பெற்றதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதே அளவுக்கு அரிதான இசைத்தட்டுகள் பல, ஒரு பாட்டுக்கு மேல் தாங்காது. வாங்குவதற்கு முன் முழுசாகக் கேளுங்கள். தொடங்குபவர்களுக்கு 2006இல் வந்த ‘பிப்’ என்ற பிரெஞ்சுத் தொகுப்பும், 2010இல் வந்த ‘தி மினிமல் வேவ் டேப்ஸ்’ தொகுப்பும் தாராளமாகப் போதும்.

பழைய மூலப் பிரதிக்குப் பெரும் தொகை கொடுத்தால் அது விற்றவர் கைக்குத்தான் போகும். முறையான மறுவெளியீட்டை லேபிளிடமோ, இசைக்கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்திலோ வாங்கினால் பாடியவருக்கும் ஒரு பங்கு போய்ச் சேர வாய்ப்பு உண்டு. இதைச் சொல்லக் காரணம், இவர்களில் பலர் இப்போதும் நம்மிடையே இருக்கிறார்கள். மார்சேய் நகரத்தின் மார்ட்டின் டுபோன் குழுவை நடத்திய அலேன் செகிர் காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவர். 1984இல் ‘ஜஸ்ட் பிகாஸ்’ ஆல்பத்தோடு வந்து, 1987இல் ‘ஹாட் பாரடாக்ஸ்’ போட்டுவிட்டு நின்றுபோன அந்தக் குழுவை அவர் மறுபடி கூட்டி, 2023இல் ‘கின்ட்சுகி’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பழைய பாட்டுகளையே அதில் புதிதாக வாசித்திருக்கிறார்கள். முதலில் 1984 பதிவைக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள்.