கொழும்பில் புதுக்குடித்தனம்: எதைச் சேர்த்து வைப்பது, எதை உடனே கொடுத்துவிடுவது

எருமைத் தயிர் இங்கே மண்சட்டியில் வரும். வெள்ளவத்தைக்குக் குடிவந்த இரண்டாம் வாரம், தயிர் தீர்ந்த சட்டியைக் குப்பைப் பையில் போடப் போனேன். எதிர் வீட்டு அன்ரி கதவருகில் நின்றிருந்தார். "ஏன் பிள்ளை அதை எறியிறீர்? கழுவிக் காய விடும். உப்புப் போட்டு வைக்கலாம்" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்புக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் தஞ்சாவூர்ப் பக்கம். ஊரில் உப்பை பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துத்தான் பழக்கம். அதே டப்பாவில் இங்கே ஒரே வாரத்தில் உப்பு தண்ணீர் விட்டு நின்றது. அன்ரி சொன்னபடி சட்டிக்கு மாற்றினேன். மெருகு பூசாத மண் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும், அதனால் உப்பு கையில் ஒட்டாமல் கிடந்தது. அடியில் ஒரு தட்டு மட்டும் வையுங்கள். சட்டியின் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூக்கும், துணியால் துடைத்தால் போய்விடும்.

அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்ற சிக்கனத்தோடுதான் நாம் எல்லோரும் வருகிறோம். அதில் பாதி இங்கே அப்படியே செல்லும். மீதியைக் கொழும்பின் ஈரத்துக்கும் கடற்காற்றுக்கும் தகுந்தபடி மாற்றிக்கொள்ள வேண்டும். வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வருகிறவர்கள் முதல் ஆறு மாதம் பணத்தை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று பார்த்திருக்கிறேன்.

வீடு பார்க்கும்போதே கேட்க வேண்டியது

அனெக்ஸ் என்று இங்கே சொல்வது, சொந்தக்காரர் வீட்டோடு ஒட்டிய தனி வாசல் உள்ள சிறு வீடு. வாடகை, முற்பணம் எல்லாம் பேசுவீர்கள். அதோடு "கரண்ட் மீட்டர் தனியா?" என்று கட்டாயம் கேளுங்கள். இதைக் கேட்காமல் குடிபோய் மாதாமாதம் வருந்துகிறவர்கள் நிறைய.

காரணம் இதுதான். இங்கே வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 யூனிட்டுக்குள் எரிப்பவர்களுக்கு ஒரு அட்டவணை. 60ஐத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை. அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள். படி ஏற ஏற யூனிட் விலையோடு மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். விலையை அடிக்கடி திருத்துகிறார்கள், ஆனால் படிமுறை இதுதான். இப்போது நீங்கள் 70 யூனிட் எரிக்கிறீர்கள், வீட்டுக்காரர் 130 எரிக்கிறார், இரண்டுக்கும் ஒரே மீட்டர் என்று வையுங்கள். பில் 200 யூனிட்டுக்கு, கடைசிப் படி விலையோடு வரும். நியாயமாகப் பிரித்துக்கொண்டாலும் உங்கள் 70 யூனிட்டுக்குத் தனி மீட்டரில் வந்திருக்கக்கூடிய தொகையை விட அதிகமாகத்தான் கட்டுவீர்கள். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு அப்படி. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதல் என்றாலும் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். தண்ணீர்க் கட்டணமும் இதே மாதிரிப் படிப்படியாக ஏறுவதுதான், அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

மின்விசிறி சின்னச் செலவு என்று நினைப்போம். பழைய 75 வாட் விசிறி ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட், மாதத்துக்கு 22 யூனிட்டுக்கு மேல். இந்த ஊர்ப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் இருக்க முடியாது. ஆகவே ஆள் இல்லாத அறையில் ஓடாமல் பார்த்துக்கொண்டாலே ஒரு படி இறங்கலாம். மீட்டர் பார்க்க வருகிற தேதியைக் குறித்துவைத்து, நடுவில் ஒரு நாள் நீங்களே எண்ணைப் போனில் படம் எடுத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் எந்தப் படியில் நிற்பீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஊரிலிருந்து மிக்ஸி, கிரைண்டர் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், ப்ளக் மட்டும் வேறு. இங்கே புது வீடுகளில் மூன்று சதுர முனை. அடாப்டர்களாக வாங்கிக் குவிக்காமல், எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஃபியூஸ் உள்ள 13 ஆம்பியர் ப்ளக்காக மாற்றிவிடுங்கள். செலவும் குறைவு, சூடாகிக் கருகும் பயமும் இல்லை.

பெயர் தெரிந்தால் விலை குறையும்

முதல் மாதம் நான் செய்த தவறு, ஊர்ச் சாமானையே தேடி அலைந்தது. பொன்னி அரிசி, துவரம் பருப்பு, நாம் பழகிய மார்க் மசாலா எல்லாம் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். எல்லாம் கடல் தாண்டி வந்த விலையில்தான் இருக்கும். இங்கே தினச் சமையலுக்கு மைசூர்ப் பருப்பு. துவரையை விடச் சீக்கிரம் வேகும், அதனால் கேஸும் மிச்சம். சாம்பாருக்கு முதலில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், ஒரு மாதத்தில் பழகிவிடும். அரிசியில் சம்பா, நாட்டரிசி, சிவப்பரிசி என்று கால் கிலோ கால் கிலோவாக வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடையில் கேட்கும் பெயரும் மாற வேண்டும். முட்டைக்கோஸ் இங்கே கோவா. பீன்ஸ் போஞ்சி, வேர்க்கடலை கச்சான், எலுமிச்சை தேசிக்காய், சோம்பு பெருஞ்சீரகம், காய்ந்த மிளகாய் செத்தல் மிளகாய், பல்லாரி வெங்காயம் பம்பாய் வெங்காயம். சர்க்கரை என்று கேட்டால் வெல்லத்தை எடுத்து வைப்பார்கள், சீனி என்று கேளுங்கள். இந்தப் பெயர்கள் வாயில் வந்துவிட்டால் சந்தையிலும் தெருமுனைக் கடையிலும் தயங்காமல் வாங்கலாம். தயக்கத்தில் விலை ஒட்டிய பாக்கெட்டை எடுத்து வருவதில்தான் காசு போகிறது. பருப்பு, சீனி, மா போன்றவற்றுக்கு அரசின் சதொச கடை விலையையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாக வாங்கப் புறக்கோட்டைக்குப் போகலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியிலிருந்து அதை ஒட்டிய கோட்டை நிலையத்துக்குக் கரையோர ரயில் இருக்கிறது. காலி வீதியில் 100, 101 பஸ்கள் நேரே புறக்கோட்டைக்குப் போகும். பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில். பாத்திரம், துணி வாங்கவும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஆட்டோவில் திரும்பி வந்தால் மிச்சம் பிடித்ததில் பாதி போய்விடும். தூக்கிக்கொண்டு ரயில் ஏறக்கூடிய அளவுக்கு வாங்குவதே நல்ல அளவு.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வந்த வருஷம் மே மாதம் 20 கிலோ அரிசியும் 5 கிலோ பருப்பும் வாங்கி வைத்தேன். தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. ஜூலையில் பார்த்தால் அரிசியில் வண்டு, பருப்பு கட்டி தட்டி ஒருவித வாடை. தஞ்சாவூர் வெயிலில் ஆறு மாதம் கிடக்கிற சாமான் இங்கே ஆறு வாரம் தாங்கவில்லை. இப்போது மூன்று வாரத்துக்கு மேல் எதையும் வாங்குவதில்லை. அரிசியில் செத்தல் மிளகாயும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைக்கிறேன். ரவையை வந்த அன்றே வறுத்து ஆறவைத்து அடைத்துவிடுகிறேன். வெயில் வருகிற நாளில் மொட்டைமாடியில் சாக்கை விரித்துப் பருப்பைக் காயவைக்க மறப்பதில்லை.

அடைத்து வைக்க டப்பா வாங்க வேண்டாம். எம்.டி. மார்க் ஜாம் போத்தல் ஒன்று தீரும்போது வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, முழுதாகக் காயவிட்டு எடுத்து வையுங்கள். இறுக்கமான மூடி, கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியும். மிளகு, சீரகம், பெருங்காயம் எல்லாம் என் வீட்டில் ஜாம் போத்தலில்தான். கடல் பக்கம் குடியிருந்தால் மூடியின் உள்பக்கம் மாதம் ஒரு முறை பாருங்கள், துரு பிடித்ததை விட்டுவிட வேண்டும். அஸ்ட்ரா மாஜரின் டப்பா சூடானதுக்கு ஆகாது. அரைத்த இஞ்சி பூண்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க நல்லது.

ஒரு தேங்காய்

2024 கடைசியில் கொழும்பில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியது. தேங்காய்ப் பால் இல்லாமல் இங்கே கறி இல்லை, அதனால் அந்த விலை எல்லா வீட்டையும் தைத்தது. அப்போது அன்ரி வீட்டில் ஒரு தேங்காயை எப்படிச் செலவழித்தார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

உடைக்கும்போது தண்ணீரை ஒரு கோப்பையில் பிடித்து, அப்பத்துக்குக் கரைத்த மாவில் விட்டார். பாதி மூடியைத் திருவலையில் துருவி இளஞ்சூட்டு நீரில் பிசைந்து முதல் பால் தனியாக, இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று எடுத்தார். காய் வேக மூன்றாம் பால், பிறகு இரண்டாம் பால், இறக்குவதற்கு முன் முதல் பால். நாம் பெரும்பாலும் சக்கையை அங்கேயே கொட்டிவிடுவோம். அவர் அதை வெறும் சட்டியில் ஈரம் போகும்வரை மெல்லிய தீயில் வறுத்து, செத்தல் மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து இடித்துப் பொடியாக்கினார். சோற்றுக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், இந்த ஈரத்தில் அதற்கு மேல் தாங்காது. மட்டையோடு வாங்கினால் தும்பு நாரைப் பிய்த்துப் பாத்திரம் தேய்க்கலாம். மட்டைத் துண்டில் அந்தூரியம் நன்றாக வேர் பிடிக்கும். மற்றப் பாதி மூடியை உப்புத் தடவி வைத்து மறுநாள் சம்பலுக்கு எடுத்தார்.

கேஸ் தீராமல் இருக்க

ஊரில் சிலிண்டர் 14.2 கிலோ, இங்கே பெரியது 12.5 கிலோ. ஊர்க் கணக்கில் நாள் எண்ணினால் ஒரு வாரம் முன்னாலேயே தீர்ந்துவிடும். தனி ஆளுக்கு 5 கிலோ சிலிண்டரும் உண்டு. 2022ல் கேஸ் கிடைக்காமல் தெருவில் வரிசையாக வெற்றுச் சிலிண்டர்களை வைத்துக் காத்திருந்தோம். மின்வெட்டும் கூடவே இருந்ததால் ரைஸ் குக்கரையும் நம்ப முடியவில்லை. அப்போது கற்ற ஒன்றை இன்றும் விடவில்லை. அரிசியை அளவான தண்ணீரோடு மூடி ஏழெட்டு நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். மூடியைத் திறக்காமல் இறக்கிப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் தடித்த போர்வையைச் சுற்றி ஒரு மூலையில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் சோறு தானே வெந்திருக்கும். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

எதைச் சேர்க்கக் கூடாது

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சட்டிகளின் மேல் ஆசை வந்து பால்கனியில் ஏழு தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன், செடி வைக்கலாம் என்று. அக்டோபர் மழை. ஒரு காலையில் டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் ஒரு சட்டியைச் சாய்த்துக் காட்டினார்கள். விரற்கடைத் தண்ணீரில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. எச்சரித்துவிட்டுப் போனார்கள். நீதிமன்றம் வரை இழுத்து அபராதம் போடவும் சட்டம் இருக்கிறது. அபராதத்தை விடுங்கள், கீழ்வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அன்று முழுக்க அந்த நினைப்பு என்னை விடவில்லை.

டெங்கு கொசு பெரும்பாலும் சுத்தமான தேங்கிய நீரில் வளரும். முட்டையிலிருந்து கொசுவாகச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வெளியே வைக்கும் எந்தச் சட்டிக்கும் அடியில் துளை போடுங்கள், இல்லையென்றால் கவிழ்த்து வையுங்கள். செடிக்கு அடியில் வைத்த தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள நீர்த்தட்டு இரண்டையும் வாரம் ஒரு நாள் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். வெறும் தண்ணீரைக் கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். கறிவேப்பிலையும், கறிக்குப் போடும் வாசனை இலையான ரம்பையும் துளையிட்ட சட்டியில் நன்றாக வரும், அரிசி களைந்த நீரை மண்ணில் ஊற்றினால் போதும். இப்போது என் பால்கனியில் மூன்று சட்டிதான்.

பொலித்தீன் பையையும் மெத்தைக்கடியில் திணித்து வைக்கும் பழக்கம் நமக்குண்டு. 2025 நவம்பர் முதல் கடைகளில் சொப்பிங் பேக் இலவசமாகத் தரக்கூடாது என்று விதி வந்துவிட்டது. பழைய சேலையில் இரண்டு பை தைத்துக் கைப்பையில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள், காலி அரிசிப் பையும் ஆகும். குப்பையை உக்குவது (நாம் மக்குவது என்போம்), உக்காதது என்று பிரித்துத்தான் மாநகர சபை வண்டிக்குக் கொடுக்க வேண்டும். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்த ஊர் இது. பிரிக்காமல் கட்டிப் போடுவதற்கு மனம் வரக் கூடாது.

பழைய பேப்பர், போத்தல், இரும்பு எல்லாவற்றையும் எடுக்கிறவர் "பத்தர, போத்தல்" என்று சிங்களத்தில் கூவிக்கொண்டு வருவார். பேப்பர் ஈரம் பட்டால் எடை பார்க்கவே மாட்டார், ஆகவே தரையில் வைக்காமல் அலமாரி மேல் வையுங்கள். பிள்ளைகளின் எழுதி முடித்த கொப்பிகளையும் வாங்கிக்கொள்வார், பெயரும் விலாசமும் உள்ள அட்டையை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுங்கள். சின்னக் கடைகளில் வடை கட்டித் தருகிற பைகள் அப்படிப்பட்ட தாளில் ஒட்டியவைதான். போன வாரம் எனக்கு வந்த பையில் யாரோ ஒரு பிள்ளை போட்ட பின்னக் கணக்கும், ஆசிரியர் சிவப்பில் போட்ட சரியும் இருந்தன.