விஎம்களின் நெட்வொர்க் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, தென்காசியில் ஒரு மருத்துவமனை, எதுவானாலும் சர்வர் அறையைத் திறந்து பார்த்தால் இப்போது இரண்டு மூன்று பெட்டிகள்தான் இருக்கின்றன. அவற்றுக்குள் பத்துப் பதினைந்து விஎம்கள், அதாவது சாஃப்ட்வேரால் உருவாக்கிய மெய்நிகர் கணினிகள், ஓடுகின்றன. ஒன்றில் வருகைப் பதிவு, ஒன்றில் பில்லிங், ஒன்றில் டேட்டாபேஸ், ஒன்றில் சிசிடிவி பதிவு. "நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்" என்று போன் வந்ததும், அவற்றைப் பார்த்துக்கொள்கிற தம்பியோ தங்கச்சியோ முதலில் திறப்பது டிராஃபிக் கிராஃபைத்தான். அதை வைத்தே லைன் வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள், புது ஸ்விட்ச் வாங்குகிறார்கள். கோளாறு வேறு இடத்தில் இருந்தால் அந்தப் பணம் வீண்.

ஒரு விஎம்மின் நெட்வொர்க் எண்ணைப் படிக்கும் முன்பு, அதை எங்கே நின்று எண்ணினார்கள் என்று விசாரிக்க வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி, இதை விசாரிக்காமல் விட்டதால் வருபவை.

வருவதும் போவதும்

விஎம்களை ஓட்டும் லினக்ஸ் வசதியான கேவிஎம்மில் ஒவ்வொரு விஎம்மின் நெட்வொர்க் கார்டுக்கும் எதிராக, ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கும் சர்வர்) பக்கத்தில் ஒரு டேப் இன்டர்ஃபேஸ் (சாஃப்ட்வேரால் ஆன நெட்வொர்க் முனை) உருவாகும். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருள் அதற்கு விநெட்0, விநெட்1 என்று பெயர் வைக்கும். ஹோஸ்டில் "ஐபி லிங்க்" கட்டளையால் அந்த விநெட்டின் புள்ளிவிவரத்தைப் பார்த்தால், ஆர்எக்ஸ் என்று வருவது ஹோஸ்ட் வாங்கியது, அதாவது விஎம் அனுப்பியது. அதே விநெட்டை லிப்விர்ட்டின் "விர்ஷ்" கருவியின் "டோம்இஃப்ஸ்டாட்" வழியாகக் கேட்டால், ஆர்எக்ஸ் என்பது விஎம் வாங்கியது. லிப்விர்ட் ஆர்எக்ஸ் (வாங்கியது), டிஎக்ஸ் (அனுப்பியது) என்ற இரண்டு பத்திகளையும் வேண்டுமென்றே இடம் மாற்றி, விஎம்மின் பார்வையில் கொடுக்கிறது. விஎம் நிர்வாக மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸின் நெட்இன், நெட்அவுட் எண்களும் விஎம்மின் பார்வையில்தான் இருக்கும்.

சுலோச்சன முதலியார் பாலத்தில் வண்ணார்பேட்டைப் பக்கம் நிற்பவருக்கு வருகிற பஸ், ஜங்ஷன் பக்கம் நிற்பவருக்குப் போகிற பஸ். இரண்டு பேர் எழுதிய நோட்டும் சரிதான். யார் எந்தப் பக்கம் நின்றார் என்று எழுதாமல் இரண்டையும் சேர்த்தால்தான் கணக்கு கெடும்.

இது சும்மா பெயர்க் குழப்பம் என்று விட்டுவிடக் கூடாது. ஒரு விஎம்முக்குள் எவனோ புகுந்து ராத்திரி முழுக்க வெளியே டேட்டா அனுப்பிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். திசை மாறிய கிராஃப் அதை "பெரிய டவுன்லோட்" என்று காட்டும். அப்டேட் ஏதோ இறங்குகிறது போல என்று நினைத்துவிட்டுப் போய்விடுவோம். சோதித்துப் பார்ப்பது எளிது. விஎம்முக்குள் இருந்து ஒரு ஜிபி அளவுள்ள ஃபைலை இறக்குங்கள். எந்தக் கோடு ஏறுகிறதோ அதுதான் விஎம்முக்குள் வருவது. அதை கிராஃபின் தலைப்பிலேயே எழுதி வைத்துவிடுங்கள், அடுத்து வருபவருக்கும் உதவும்.

பூஜ்யத்துக்குத் திரும்பும் கவுண்டர்

இந்தக் கவுண்டர்கள் எல்லாம் மொத்தக் கணக்கு. தொடங்கியதிலிருந்து எத்தனை பைட் என்று ஏறிக்கொண்டே போகும். வேகம் வேண்டுமானால் இரண்டு நேரத்து எண்களைக் கழித்து, இடைப்பட்ட நொடிகளால் வகுக்க வேண்டும். விஎம்மை அணைத்துத் திரும்ப எழுப்பினால் டேப் இன்டர்ஃபேஸ் புதிதாகப் பிறக்கும், கவுண்டரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் லைவ் மைக்ரேஷனில் அது ஒரு நொடிகூட நிற்காதது போலத் தெரிந்தாலும், போய்ச் சேர்ந்த ஹோஸ்டில் இருப்பது புது டேப்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் நம்ம ஊரில், யுபிஎஸ் பேட்டரி பழசாக இருந்தால் இது அடிக்கடி நடக்கும். கழித்தல் எண் வந்ததைக் கவனிக்காமல் எழுதிய ஸ்கிரிப்ட், அந்த இடத்தில் வானத்தைத் தொடுகிற ஒரு கூர்முனையை வரைந்து வைக்கும். மாத மொத்தமும் அதோடு கெடும். புரோமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு "ரேட்" செயல்பாடு இந்த இறக்கத்தைப் புரிந்துகொண்டு சரிசெய்துவிடும். ஆனால் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் முதலில் "ரேட்", அப்புறம்தான் "சம்". எல்லாவற்றையும் முதலில் கூட்டிவிட்டு ரேட் எடுத்தால், ஒரு விஎம் ரீஸ்டார்ட் ஆனாலே மொத்தக் கூட்டலும் இறங்கி, கணக்கு தப்பாகிவிடும்.

பெயரிலும் இதே ஆபத்து இருக்கிறது. நேற்று விநெட்3 தேர்வு சர்வர், இன்று அதே விநெட்3 சிசிடிவியாக இருக்கலாம். கிராஃப் இரண்டையும் ஒரே கோடாக ஒட்டிவிடும். அதனால் விநெட் எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள். விஎம்முக்கே உரிய அடையாள எண்ணான யுயுஐடியும், அதன் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியும்தான் நிலையானவை. விஎம்மின் அமைப்பை எழுதி வைக்கும் எக்ஸ்எம்எல்லில் நாமே இன்டர்ஃபேஸுக்குப் பெயர் வைக்கவும் முடியும், ஆனால் அது "விநெட்" என்று தொடங்கினால் லிப்விர்ட் கண்டுகொள்ளாது. பிராக்ஸ்மாக்ஸில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே டேப்100ஐ0 என்றால் 100 என்ற எண்ணுள்ள விஎம்மின் முதல் கார்டு, எத்தனை முறை எழுப்பினாலும் அதே பெயர்தான்.

நெட்வொர்க் கருவிகளிடம் எண்களைக் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பி முறையில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய 32 பிட் கவுண்டர் 4,294,967,296 பைட்டோடு ஒரு சுற்று முடித்துப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒரு ஜிகாபிட் வேகம் முழுதாக ஓடினால் அதற்கு ஆகும் நேரம் சுமார் 34 நொடி. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்தால் இடையில் எட்டுச் சுற்றுப் போய்விடும், கிராஃபோ அமைதியான ஒரு சின்னக் கோட்டைக் காட்டும். 64 பிட் கவுண்டரைக் கேளுங்கள். எஸ்என்எம்பி முதல் பதிப்பு அதைக் கொடுக்காது, 2சி அல்லது 3 வேண்டும்.

ஸ்விட்சுக்குத் தெரியாத டிராஃபிக்

பில்லிங் விஎம்மும் டேட்டாபேஸ் விஎம்மும் ஒரே சர்வரில், ஒரே பிரிட்ஜில் (ஹோஸ்டுக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் ஸ்விட்ச்) இருந்தால், அவை பேசிக்கொள்வது அந்தப் பெட்டியை விட்டு வெளியே வராது. ஸ்விட்ச் போர்ட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது இல்லாத டிராஃபிக். ஒருநாள் இரண்டில் ஒன்றை வேறு சர்வருக்கு மாற்றியதும் போர்ட் திடீரென்று நிறையும், "வைரஸா இருக்குமோ" என்று பதறுவார்கள்.

இதற்கு நேர்மாறும் உண்டு. எஸ்ஆர்ஐஓவி முறையில் கார்டின் ஒரு பகுதியை விஎம்முக்கே நேராகக் கொடுத்திருந்தால், டிராஃபிக் ஹோஸ்டின் பிரிட்ஜைத் தொடாமலே போய்விடும். அங்கே டேப்பும் இல்லை, எண்ணும் இல்லை. விஎம்முக்குள்ளேயோ கார்டின் தனிப் புள்ளிவிவரத்திலேயோதான் பார்க்க வேண்டும். டேப், பிரிட்ஜ், பாண்ட் (பல கார்டுகளைச் சேர்த்த இணைப்பு), கார்டு என்று ஹோஸ்டில் தெரிகிற எல்லாவற்றையும் கூட்டுவது இன்னொரு தவறு. ஒரே பாக்கெட் (டேட்டாவின் ஒரு துண்டு) அத்தனை இடத்திலும் எண்ணப்பட்டிருக்கும்.

சராசரிக்குள் மறையும் உச்சம்

தேர்வு முடிவு வெளியாகும் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜிகாபிட் லைன் 20 நொடி முழுதாக நிரம்புகிறது, பையன்களுக்குப் பக்கம் திறக்கவில்லை. மீதி நேரம் அமைதி. ஐந்து நிமிஷச் சராசரியில் அது வெறும் 67 எம்பிபிஎஸ் (நொடிக்கு 67 மெகாபிட்). "லைன்ல ஏழு சதம்கூட ஓடலையே" என்று சொல்லிவிடுவோம், சொல்வதற்கு ஆதாரமாக கிராஃபும் கையில் இருக்கும்.

நாள் ஆக ஆக இது இன்னும் மோசமாகும். விஎம்வேரின் நிர்வாக மென்பொருளான விசென்டரில் 20 நொடி மாதிரிகள் ஒரு மணி நேரம்தான் நிற்கும். வழக்கமான அமைப்பில் அப்புறம் ஐந்து நிமிஷச் சராசரி ஒரு நாள், அரை மணிச் சராசரி ஒரு வாரம், இரண்டு மணிச் சராசரி ஒரு மாதம், அதற்கு மேல் நாளுக்கு ஒரே புள்ளி. போன வாரத்து நெரிசலை இந்த வாரம் தேடினால் கிடைக்காது. புகார் வந்த அன்றைக்கே எடுத்து வையுங்கள். பிராக்ஸ்மாக்ஸ் கிராஃபில் சராசரிக்குப் பதில் அதிகபட்சத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி மேலேயே இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை.

டிராப்: நெட்வொர்க் எண்ணில் தெரியும் சிபியு நோய்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். எல்லாரும் பைட்டைப் பார்க்கிறார்கள், தவறிப்போன பாக்கெட்டுகளை எண்ணும் டிராப் பத்தியைப் பார்ப்பவர்கள் குறைவு. ஹோஸ்டில் ஒரு விநெட்டின் டிஎக்ஸ் பக்கம் டிராப் ஏறுகிறது என்றால், ஹோஸ்ட் கொடுத்த பாக்கெட்டை விஎம் சரியான வேகத்தில் எடுத்துக்கொள்ளவில்லை, வரிசை நிரம்பிக் கீழே விழுந்திருக்கிறது என்று பொருள். விஎம் ஏன் எடுக்கவில்லை? பெரும்பாலும் அதன் விசிபியுவுக்கு (விஎம்முக்குக் கொடுத்த மெய்நிகர் சிபியு) ஓட முறை கிடைத்திருக்காது. எட்டு கோர் உள்ள சர்வரில் முப்பது நாற்பது விசிபியுவைப் பிரித்துக் கொடுத்திருந்தால், எல்லாருக்கும் வேலை வந்துவிடும் நேரத்தில் இப்படி ஆகும்.

விஎம்முக்குள் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது. தன்னிடம் வந்தே சேராத பாக்கெட்டை விஎம் எப்படி எண்ணும்? உள்ளே டிராப் பூஜ்யம், வெளியே ஆயிரக்கணக்கில். அதனால்தான் விஎம்முக்குள் மட்டும் கண்காணிப்பு ஏஜென்ட் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது என்கிறேன். டிராப் ஏறும் அதே நேரத்தில் விஎம்முக்குள் "டாப்" கட்டளையில் ஸ்டீல் நேரத்தை, அதாவது சிபியு கிடைக்காமல் விஎம் காத்திருந்த நேரத்தை, பாருங்கள். அது உயர்ந்திருந்தால் லைனை மாற்றிப் பயனில்லை, விசிபியுக்களைக் குறைக்க வேண்டும் அல்லது விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு மாற்ற வேண்டும். ஸ்டீல் குறைவாக இருந்தும் டிராப் வந்தால், கார்டு இன்னும் பழைய இ1000 மாடலாகவே இருக்கிறதா என்று பாருங்கள். விஎம்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓ மாடலுக்கு மாற்றினாலே பல இடங்களில் நிலைமை தேறிவிடும்.

மற்றவை

பிட்டா பைட்டா என்று பார்க்காமல் ஒப்பிட்டால் எட்டு மடங்கு வித்தியாசம் வரும். லைன் விற்பவர் பிட்டில் சொல்வார், பிராக்ஸ்மாக்ஸும் விசென்டரும் பைட்டில் காட்டும். லினக்ஸ் டேப் சொல்லும் தன் வேகம் வெறும் பெயருக்கு: பழைய கர்னல்களில் 10 எம்பிபிஎஸ், புதியவற்றில் 10 ஜிபிபிஎஸ். அந்தப் பழைய எண்ணை வைத்துச் சதவீதம் போட்டால் ஆயிரம் சதம், இரண்டாயிரம் சதம் என்று எச்சரிக்கை வந்து குவியும். கண்காணிப்புக் கருவியில் வேகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். டேப்பில் பாக்கெட் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். விஎம் 64 கேபி வரை ஒரே பெரிய பாக்கெட்டாகக் கொடுக்கும், அதை 1500 பைட் துண்டுகளாகக் கார்டு கடைசியில்தான் வெட்டும்.

இணைய நிறுவனத்திடம் புகார் கொடுக்கும்போது விஎம் கிராஃபை அனுப்பாதீர்கள். அதில் உள்ளூர் டிராஃபிக், பேக்கப் எல்லாம் கலந்திருக்கும், அவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். ஃபயர்வாலின் வெளிப்பக்க போர்ட்டில் எடுத்த, நேரம் குறித்த எண்களைக் கொடுங்கள். அதற்கு முன்பு ஹோஸ்ட், ஃபயர்வால், விஎம் எல்லாவற்றின் கடிகாரமும், நேரத்தை ஒத்துவைக்கும் என்டிபியில் ஒன்றாக ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிஷம் தள்ளி ஓடினாலும் இந்த கிராஃபின் உச்சத்தை அந்த கிராஃபின் உச்சத்தோடு பொருத்த முடியாது.