டீசல் தீர்ந்து கார் நின்றுவிட்டதா? முதலில் சாவியிலிருந்து கையை எடுங்கள்

பெட்ரோல் கார் வைத்திருந்து டீசலுக்கு மாறியவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டே வரும். எண்ணெய் தீர்ந்து நின்றால் ஒரு லிட்டர் வாங்கி ஊற்று, நாலு தடவை செல்ஃப் அடி, கிளம்பு. பெட்ரோலுக்கு அது பெரும்பாலும் சரிப்படும். டீசல் காரில் அதையே செய்யப் போய்த்தான் பலர் பெரிய செலவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பொள்ளாச்சியில் டீசல் போடாமல் வால்பாறைக்கு ஏறினார். 'இன்னும் 80 கிலோமீட்டர் போகலாம்' என்று மீட்டர் காட்டியது, வால்பாறை 65 கிலோமீட்டர்தானே என்று ஒரு கணக்கு. அந்த 80 என்பது அதுவரை சமவெளியில் ஓடிய மைலேஜை வைத்து வண்டி போட்ட கணக்கு. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறும்போது அந்த மைலேஜ் எங்கே வரும்? போதாததற்கு, ஏற்றத்தில் டேங்க்கில் மிச்சமிருக்கும் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும். வண்டி பாதி மலையில் நின்றது. அவர் பதறிப்போய் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தார். எஸ்டேட் ஜீப் ஒன்றில் வந்தவர்கள் இரண்டு லிட்டர் கொடுத்து உதவினார்கள், ஆனால் அதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது. கடைசியில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் மாற்ற வேண்டியதாயிற்று. டீசல் தீர்ந்ததால் வந்த செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அதற்கு அடுத்த இருபது நிமிடம்தான் பில்லைப் போட்டது.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கும்போது வரும் சூட்டிலேயே, பொடிப்பொடியாகத் தெளிக்கப்படும் டீசல் பற்றிக்கொள்கிறது. அப்படித் தெளிக்க, இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் (டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் 'ரெயில்' என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டிகள்) 1,500 பாருக்கு மேல் அழுத்தம் போகும். உங்கள் டயரில் இருப்பது இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இந்த அழுத்தத்தைக் கொடுக்கும் டீசல் பம்புக்கு பல வண்டிகளில் தனியாக ஆயில் கிடையாது, ஓடுகிற டீசல்தான் அதற்கு ஆயில். டீசல் இல்லாமல் பம்பு சுற்றினால் உலோகம் உலோகத்தோடு உரசும். அதில் உதிரும் தூள் நேராக இன்ஜெக்டருக்குள் போகும், அதன் துளைகளோ தலைமுடி அளவுதான். அந்த நிலைக்குப் போய்விட்டால் பம்பு, ரெயில், இன்ஜெக்டர்கள், டேங்க் கழுவுவது என்று செலவு லட்சத்தைத் தாண்டலாம். இன்னொரு பக்கம், குழாய்க்குள் காற்று புகுந்துவிடுகிறது. டீசலை அமுக்கினால் அழுத்தம் ஏறும், காற்றை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும். அதனால்தான் டேங்க்கில் டீசல் ஊற்றிய பிறகும் வண்டி எடுக்காது. மெக்கானிக்குகள் 'ஏர் லாக் ஆயிடுச்சு, ஏர் எடுக்கணும்' என்று சொல்வது இதைத்தான்.

சரி, தவறு எங்கே தொடங்குகிறது? வண்டி நிற்பதற்கு முன்னாலேயே. டீசல் தீரும்போது எஞ்சின் திக்கும், இழுவை குறையும், குலுங்கும். 'பங்க் ரெண்டு கிலோமீட்டர்தான்' என்று ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தி ஓட்டுவதுதான் பம்புக்குச் செய்கிற பெரிய கொடுமை. முதல் திக்கலிலேயே இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங் கல்லு மாதிரி கனக்கும், பலம் கொடுத்துத் திருப்பினால் திரும்பும். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் பம்பும் எஞ்சினோடு நின்றுவிடும், மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்தி நிறுத்துங்கள். மலை இறக்கத்தில் இது உயிர் விஷயம். முடிந்தவரை சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, டிக்கியில் கிடக்கும் சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அழைக்கலாம்.

அப்புறம், உதவிக்கு வருபவர்கள். நல்ல மனசோடு பைக்கிலிருந்து அரை லிட்டர் பெட்ரோல் பிடித்துத் தருவார்கள். வேண்டவே வேண்டாம். டீசலில் இருக்கும் வழவழப்பு பெட்ரோலில் கிடையாது, ஏற்கெனவே காய்ந்துபோன பம்புக்குள் அதை விடுவது இருக்கிற பாதுகாப்பையும் கழுவிவிடுவது போலத்தான். மண்ணெண்ணெயும் கூடாது. பழைய டீசல் எஞ்சின்கள் எதையோ தாங்கியிருக்கலாம், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகை மாசு விதிப்படியான) வண்டிகளில் அந்தச் சோதனை கூடாது. ஆட்ப்ளூ வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அது புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்க்கில் ஊற்றும் நீலமூடித் திரவம், எரிபொருள் இல்லை, தப்பித்தவறி டீசல் டேங்க்கில் ஊற்றினால் சாவியைக் கூடத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டருக்கு வைத்திருக்கும் டிரம்மிலிருந்து டீசல் கிடைத்தால் வாங்கலாம்தான், ஆனால் டிரம்மின் அடியில் தண்ணீரும் துருவும் நிற்கும். மேலாக எடுத்ததா என்று கேளுங்கள். துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது.

எவ்வளவு ஊற்றுவது என்பதில் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஒரு லிட்டர் போதாது. குறைந்தது ஐந்து லிட்டர் ஊற்றுங்கள், சரிவில் நின்றால் இன்னும் கூடுதலாக. குளிர்பான பாட்டிலில் வாங்கி வராமல் நல்ல மூடியுள்ள கேனில் வாங்குங்கள்.

ஊற்றியதும் செல்ஃப் அடிக்கத்தான் கை போகும். பொறுங்கள். பல வண்டிகளில் டீசல் ஃபில்டரின் தலையில் அல்லது அதன் குழாயில் ஒரு கைப்பம்பு இருக்கும், சிலவற்றில் ரப்பர் பந்து மாதிரி. அது கெட்டியாகும் வரை அமுக்குங்கள், அதுதான் டீசல் நிரம்பியதற்கு அடையாளம். கைப்பம்பு இல்லாமல் டேங்க்குக்குள் மின்சாரப் பம்பு இருக்கும் வண்டி என்றால், சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பிப் பத்து நொடி விட்டு அணையுங்கள், இப்படி ஐந்தாறு தடவை. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், அதை வீட்டு அலமாரியில் வைக்காமல் காரிலேயே வைத்திருங்கள். அதற்குப் பிறகு செல்ஃப். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடமாவது இடைவெளி. நாலைந்து முயற்சியில் எடுக்கவில்லையா, நிறுத்திவிடுங்கள். சில வண்டிகளுக்கு ஸ்கேனர் மாட்டித்தான் ஏர் எடுக்க முடியும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் உதவாது, அதிலும் காய்ந்த பம்புதான் சுற்றும்.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய அம்பாசடர் டீசலிலும் டிராக்டரிலும் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, ஏர் எடுப்பார்கள். பக்கத்தில் நிற்கும் யாராவது ஸ்பானரோடு அதைச் செய்ய வந்தால் காமன் ரெயில் காரில் தடுத்துவிடுங்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலையே இழக்கிற அளவுக்குக் கெடுத்துவிடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லை என்று சும்மா இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வண்டி எடுத்ததும் முதல் ஒரு நிமிடம் குலுங்கும், கொஞ்சம் புகையும் வரலாம். உறுமவிடாமல் ஐட்லிங்கிலேயே விடுங்கள். நிதானமானதும் நேராகப் பங்குக்குப் போய் நிரப்புங்கள். எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்தாலோ, இழுவை குறைவாகத் தெரிந்தாலோ, இரண்டு நாளில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், அதில் தேங்கிய தண்ணீரையும் வடிக்கச் சொல்லுங்கள். அங்கே போனதும் 'டீசல் தீர்ந்து நின்றது' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால் மெக்கானிக் சென்சார், வயரிங் என்று எங்கெங்கோ தேட ஆரம்பித்துவிடுவார், அந்த நேரத்துக்கும் கூலி உங்களுடையதுதான்.